சூடான கல், ஒரு கப் சூப், திறந்த ஜன்னல்: பனிக்காலத்தில் மூடாத பள்ளிக்கூடம்

இன்னைக்கு ஒரு பழைய போட்டோவுல இருந்து ஆரம்பிக்கலாம்.

2020 லாக்டவுன் நேரத்துல என் போனுக்கு வந்த போட்டோ அது. ஒரு வகுப்பறை. பெஞ்ச், கரும்பலகை எல்லாம் இருக்கு. ஆனா ஒரு பக்கம் சுவரே இல்லாத மாதிரி, அத்தனை ஜன்னலும் முழுசா திறந்து கிடக்கு. வெளியில பனிக்காலம். உள்ள உட்கார்ந்திருக்கிற குழந்தைங்க கழுத்து வரைக்கும் கம்பளிப் பைக்குள்ள இருக்காங்க. தலையில குல்லா, கையில புத்தகம். பார்த்ததும் எனக்குத் தோணினது ஒண்ணுதான்: யாருடா இந்தப் பிள்ளைங்களை இப்படிக் கொடுமைப்படுத்துறது?

அது கொடுமை இல்லைன்னு புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. அந்தக் கதைதான் இந்த எபிசோட்.

முதல்ல அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்த்துடலாம். 1900-ஐ ஒட்டிய வருஷங்கள்ல ஐரோப்பா, அமெரிக்க நகரங்கள்ல மனுஷங்களை அதிகம் கொன்ற நோய்களில் ஒன்று காசநோய், அதாவது டிபி. கொரோனா மாதிரி திடீர்னு வந்து மொத்தமா முடக்கின நோய் இல்லை இது. பல தலைமுறையா மெதுவா நடந்துக்கிட்டே இருந்த பெருந்தொற்று. 1882-ல் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சுட்டார். ஆனா கிருமி தெரிஞ்சதே தவிர, மருந்து கிடையாது. மருத்துவர்கள் கையில இருந்ததெல்லாம் மூணு விஷயம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. வசதி இருந்தவங்க மலைமேல இருந்த சானடோரியத்துக்குப் போனாங்க. நெருக்கடியான குடியிருப்புல, ஜன்னலே இல்லாத அறையில, இருமுற அப்பா அம்மாவோட படுத்துத் தூங்கின குழந்தை எங்க போகும்?

இந்தக் கேள்விக்கு முதல்ல ஒரு பதிலைச் செய்து காட்டினது ஜெர்மனி. 1904 ஆகஸ்ட் 1-ம் தேதி, பெர்லினை ஒட்டியிருந்த சார்லாட்டன்பர்க் நகரம், பைன் மரக்காட்டுக்குள்ள ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. பேரே காட்டுப் பள்ளி. ரத்தசோகை, பலவீனம், அடிக்கடி நோய்னு சாதாரண வகுப்புல தாக்குப்பிடிக்க முடியாத பிள்ளைகளுக்காக. பாட நேரம் குறைவு. ஒரு நாளைக்குப் பல வேளை சாப்பாடு. மதியம் சாப்பிட்டதும் எல்லாரும் சாய்வு நாற்காலியில கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் படுக்கணும். தூக்கமும் டைம்டேபிள்ல இருந்துச்சு!

இது அமெரிக்காவுக்கு வந்த இடம் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரம். எல்லன் ஸ்டோன், மேரி பேக்கார்ட் என்ற இரண்டு பெண் மருத்துவர்கள் நகர நிர்வாகத்தோடு பேசிப் பேசி ஒத்துக்க வெச்சாங்க. 1908 ஜனவரியில, பயன்பாட்டுல இல்லாத ஒரு பழைய செங்கல் கட்டடத்துல வகுப்பு தொடங்கியது. ஜனவரியைக் கவனிங்க. அந்த ஊர்ல வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போறது ரொம்ப சாதாரணமான மாதம். கோடையில திறந்திருந்தா யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. குளிர்காலத்தைத் தாண்டிட்டா எந்தக் காலத்தையும் தாண்டிடலாம்.

இப்போ அந்த வகுப்புல ஒரு பனிக்கால நாள் எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. காலையில பிள்ளைங்க வந்ததும் ஆளுக்கு ஒரு கம்பளிப் பை. அதுக்குள்ள இறங்கி உட்காரணும். அந்தக் காலத்துல அதுக்கு 'எஸ்கிமோ பை'ன்னு பேரு (இன்னைக்கு அந்த மக்கள்ல பலர் இந்தப் பேரை விரும்புறதில்லை). பைக்குள்ள, கால்மாட்டுல, சூடு பண்ணின ஒரு மாக்கல். நம்ம பாட்டி வீட்டுக் கல்சட்டி ஞாபகம் இருக்கா? அடுப்பை விட்டு இறக்கின பிறகும் குழம்பு கொதிச்சுக்கிட்டே இருக்குமே, அதே கல்தான். கொஞ்சம் கொஞ்சமா சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும்.

வெவ்வேறு வகுப்புப் பிள்ளைங்க ஒரே அறையில இருந்தாங்க. பாடத்துக்கு நடுவுல எழுந்து கைகால் அசைக்கிற உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி. நடுவுல சூடான சூப். மதியம் மறுபடி சூடா ஏதாவது. எடை பார்த்துக் குறிச்சு வெச்சாங்க. இந்த மாதிரி பள்ளிகளோட அறிக்கைகள்ல மார்க்கைவிட எடைதான் பெரிய செய்தி. இந்தப் பிள்ளை இத்தனை பவுண்டு ஏறியிருக்கு, அந்தப் பிள்ளை இத்தனை ஏறியிருக்குன்னு பெருமையா எழுதினாங்க.

இந்த யோசனை வேகமாப் பரவுச்சு. இரண்டே வருஷத்துல அமெரிக்காவில் அறுபதுக்கும் மேற்பட்ட திறந்தவெளிப் பள்ளிகள். இடம் இல்லாத நகரங்கள் இடத்தைக் கண்டுபிடிச்சதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. சிகாகோவுல மொட்டை மாடியில வகுப்பு. நியூயார்க்குல ஓட்டத்தை நிறுத்தின ஒரு படகையே கரையில கட்டி, அதுல வகுப்பு. ஆற்றுக்காற்று எப்படி அடிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

சரி, இது வேலை செஞ்சுதா?

இங்க என்னோட இன்ஜினியர் புத்தி குறுக்க வரும். ஒரு சிஸ்டம்ல ஒரே நேரத்துல அஞ்சு விஷயத்தை மாத்திட்டு, ரிசல்ட் நல்லா வந்தா எது காரணம்னு சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைகளுக்குக் காற்று மாறுச்சு, சாப்பாடு மாறுச்சு, ஓய்வு கிடைச்சுது, ஒரு நர்ஸ் கவனிச்சாங்க, வீட்டு நெருக்கடியில இருந்து சில மணி நேரம் தப்பிச்சாங்க. ஒப்பிட்டுப் பார்க்க சரியான எதிர்க்குழு கிடையாது. அதனால 'குளிர்காற்று காசநோயைக் குணமாக்கும்'னு அன்னைக்கு நம்பினது நிரூபணம் ஆகவே இல்லை. ஆனா பிள்ளைங்க எடை ஏறினது உண்மை. குளிர்ல உட்கார்ந்ததால கூட்டம் கூட்டமா நோயில விழுவாங்கன்னு பயந்தது நடக்கலை. அது போதும், பெற்றோர் தொடர்ந்து பிள்ளைகளை அனுப்பினாங்க.

பத்து வருஷம் கழிச்சு இன்னொரு பரீட்சை வந்தது. 1918 இன்ஃபுளூயன்சா. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,75,000 பேர் இறந்த பெருந்தொற்று. அந்த அக்டோபர்ல பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க், சிகாகோ மாதிரி ஒரு சில நகரங்கள் மட்டும் மூடலை.

நியூயார்க்குல சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட். குழந்தைகள் நலப் பிரிவின் தலைவர் எஸ். ஜோசஃபின் பேக்கர் என்ற பெண் மருத்துவர். அவங்க வாதம் ரொம்ப எளிமையானது. நகரத்துல கிட்டத்தட்ட 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகள். அதுல பெரும்பகுதி நெருக்கடியான குடியிருப்புகள்ல வாழுது. பள்ளியை மூடினா அவங்க பத்திரமா வீட்டுக்குள்ள இருக்கப் போறதில்லை. தெருவுல இருப்பாங்க, இல்லைன்னா காற்றே இல்லாத அறைக்குள்ள நோயாளியோட இருப்பாங்க. பள்ளியில இருந்தா தினமும் யாராவது ஒருத்தர் அவங்க முகத்தைப் பார்ப்பாங்க.

அதனால விதிகள் இப்படி. முற்றத்துல கூடக்கூடாது, நேரா வகுப்புக்குப் போகணும். தினமும் காலையில ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கணும். சந்தேகம் இருந்தா தனியா உட்கார வெச்சுப் பரிசோதனை. நோய்னா வீட்டுக்கு அனுப்பிட்டு, அந்த வீட்டு நிலைமையையும் சுகாதாரத் துறை போய்ப் பார்க்கும். மணி அடிச்சா நேரா வீட்டுக்கு.

இதனாலதான் நியூயார்க் தப்பிச்சுதுன்னு நான் சொல்ல வரலை. அங்கேயும் ஆயிரக்கணக்குல செத்தாங்க. கடை, அலுவலக நேரங்களை மாத்தி வெச்சது உட்பட பல நடவடிக்கைகள் ஒண்ணா நடந்தன. இங்கேயும் அதே அஞ்சு விஷயப் பிரச்சினைதான். ஒண்ணு மட்டும் உறுதி: பேக்கர் இந்த ஆட்டத்தைச் சும்மா ஆடலை. பள்ளிகள்ல மருத்துவப் பரிசோதனையும் நர்ஸ்களும் கொண்ட அமைப்பை நியூயார்க் அதுக்கு முன்னாடியே பல வருஷமா கட்டி வெச்சிருந்தது. திறந்து வைக்க அவங்ககிட்ட தைரியம் மட்டும் இல்லை, ஆளும் இருந்தது.

அப்புறம் இந்தத் திறந்த ஜன்னல்கள் எங்க போச்சு? 1940-கள்ல ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952-ல் ஐசோனியாசிட். காசநோய்க்கு மாத்திரை வந்ததும் காற்றைப் பற்றிய பேச்சு குறைஞ்சது. 1970-கள்ல எண்ணெய் நெருக்கடி. எரிசக்தியை மிச்சம் பிடிக்கக் கட்டடங்களை இன்னும் இறுக்கமா மூடினாங்க. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. காசநோய் காற்றுலதான் பரவுதுன்னு பால்டிமோர்ல ஒரு மருத்துவமனை வார்டின் காற்றைக் கினிப் பன்றிகள் இருந்த அறைக்குள்ள செலுத்தி, அழுத்தமா நிரூபிச்சதே 1950-களின் கடைசியிலதான். ஜன்னலைத் திறந்தவங்களுக்குக் காரணம் முழுசாத் தெரியாது. காரணம் தெரிஞ்ச நேரத்துல நாம ஜன்னலை மூடிட்டிருந்தோம்.

இப்போ நான் ஏன் இந்தக் கதையைப் பிடிச்சுக்கிட்டேன்னு சொல்லணும். எங்க அம்மா ஓர் அரசுப் பள்ளியில சத்துணவு சமையல் உதவியாளர். 2020 மார்ச்ல பள்ளி மூடினப்போ நான் வீட்டுல இருந்து லேப்டாப்ல வேலை பார்த்துக்கிட்டு, 'மூடினது சரிதான்'னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அம்மா மறுத்துப் பேசலை. 'பரண்ல இருக்கிற தட்டெல்லாம் தூசி படிஞ்சிருக்கும்டா'ன்னு மட்டும் சொன்னாங்க. பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டைன்னு உலர் பொருளா அரசு கொடுத்தது. அதை வாங்க வந்த பிள்ளைகளைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கு அம்மா சொன்னது: 'இளைச்சுப் போச்சுங்கடா. வீட்டுக்குப் போன அரிசியை வீடே திங்கும். தட்டுல போட்ட சோத்தை அந்தப் பிள்ளைதான் திங்கும்.'

தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். கிட்டத்தட்ட 19 மாதம். மூடினது தப்புன்னு இப்பவும் என்னால சொல்ல முடியலை. இரண்டாம் அலையில அந்த ஏப்ரல், மே எப்படி இருந்ததுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா நாங்க எல்லாரும் அப்போ சண்டை போட்டது 'திறக்கணுமா, மூடணுமா' என்ற ஒரே கேள்விக்கு. பிராவிடன்ஸ் பிள்ளைகளோட போட்டோவைப் பகிர்ந்தவங்ககூட 'பாருங்க, பனியிலயே படிச்சாங்க'ன்னு ஜன்னலைத்தான் காட்டினாங்க.

போட்டோவுல ஜன்னல் நல்லாத் தெரியும். பைக்குள்ள இருக்கிற கல் தெரியாது. சூப் தெரியாது, தினமும் வர்ற நர்ஸ் தெரியாது. கல் சுட வைக்க ஒரு ஆள், சூப்புக்குக் காசு, எடை பார்க்க நேரம், இவ்வளவும் இருந்ததாலதான் அந்த ஜன்னலைத் திறக்க முடிஞ்சது. அதையெல்லாம் கழிச்சுட்டு ஜன்னலை மட்டும் திறந்தா, நான் முதல்ல நினைச்சதுதான் சரி. அது கொடுமை.

அடுத்த தொற்று எப்ப வரும்னு தெரியாது. வரும்போது முதல் மீட்டிங்கிலேயே 'திறக்கணுமா மூடணுமா'ன்னு கேட்பாங்க. அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி வேற: உங்க ஊர்ப் பள்ளியில இன்னைக்கு நர்ஸ் இருக்காங்களா? வகுப்பறை ஜன்னல் திறக்குதா? தட்டுல சோறு விழுதா? தொற்று வந்த பிறகு கேட்டா லேட்.

அம்மாவோட பள்ளியில தட்டெல்லாம் கழுவியாச்சு, அதையும் சொல்லிடறேன். உங்க பள்ளிக்கூடம் அந்த 19 மாதத்துல எப்படி இருந்தது, அங்க யார் என்ன செஞ்சாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.