நாகூர் பேருந்தில் கேட்ட பதில்

நாகூர் தர்காவின் ஐந்து மனாராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர். இந்து அரசர் ஒருவர் முஸ்லிம் மகானுக்குச் செலுத்திய காணிக்கை.

காரைக்காலில் பிரெஞ்சு படித்த எங்களுக்குப் பதினான்காம் லூயியைத் தெரியும். பக்கத்து ஊர் மனாராவின் கதை தெரியாது. பின்னாளில் பேருந்தில் அதைச் சொன்னவர், நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு மீனவ அம்மா. 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவர்.

"அதுக்கப்புறமும் ஆண்டவர்கிட்ட போறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"புள்ளையைக் கொடுத்தப்போ நன்றி சொல்லப் போனேன் ஐயா. இப்போ தாங்கிக்கத் தெம்பு கேக்கப் போறேன்" என்றார்.

மன்னர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரை நானும் கேட்கவில்லை. அவர் மடியில் முடிந்து வைத்திருந்த சில்லறையும் காணிக்கைதான்.