கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறைத் தலைமையிடமாகக் கொண்ட தேயிலை நிறுவனம், சுருக்கமாக கே.டி.எச்.பி. நட்டத்தில் விழுந்த தோட்டங்களைத் தொழிலாளரையே பங்குதாரராக்கி மீட்க முயன்றதற்கு இந்தியாவில் அடிக்கடி காட்டப்படும் உதாரணம். அந்த முயற்சி தோட்டங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் நட்டத்தைச் சுமக்கும் பொறுப்பைப் பகிர்ந்த அளவுக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிரவில்லை என்பது பத்தாண்டுகளில் வெளிப்பட்டது.

சோவியத் ஒன்றியம் உடைந்து தென்னிந்தியத் தேயிலை தன் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. 1990களின் கடைசியில் ஏல விலை சரிந்தது. கூலியும், 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தரவேண்டிய லயம் (தொழிலாளர் வரிசை வீடு), ஆஸ்பத்திரி, பிள்ளைக்காப்பகச் செலவுகளும் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. அதே மாவட்டத்தின் பீர்மேட்டில் சீந்தலார், லோன்ட்ரீ தோட்டங்களை 2000இல் முதலாளிகள் கைவிட்டுப் போனார்கள்; கூலி நின்றது, லயங்கள் இடியத் தொடங்கின. மூணாறுத் தோட்டங்களை அப்போது வைத்திருந்த, அதே ஆண்டு பிரிட்டனின் டெட்லி தேயிலை நிறுவனத்தை வாங்கிய டாடா டீ, தோட்டத்தைவிடப் பாக்கெட் தேயிலையில்தான் லாபம் என்று முடிவு செய்திருந்தது. அதுவும் மூணாறிலிருந்து விலகியது, ஆனால் பூட்டிவிட்டுப் போகவில்லை. 2005 ஏப்ரலில் தோட்டங்கள் புதிய நிறுவனத்துக்கு மாறின. பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களிடம் வந்தன. டாடா சிறுபான்மைப் பங்குதாரராகத் தங்கியது. பீர்மேட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். பல்லாயிரம் பேருக்கு வேலை தொடர்ந்தது.

2015 செப்டம்பரில் விலை மறுபடி இறங்கியபோது நிறுவனம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், வேலையை நிறுத்தி மூணாறில் சாலையை மறித்தனர். 20 சதவீத போனஸும் 500 ரூபாய் தினக்கூலியும் அவர்கள் கோரிக்கை. தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகில் விடவில்லை. இந்த எழுச்சிதான் ‘பெம்பிளை ஒருமை’.

சட்டம் கேட்பது 8.33 சதவீதம்தானே, நிறுவனம் அதற்கு மேலேதானே தந்தது என்று வாதிடலாம். கணக்குப்படி சரி. ஆனால் போராட்டத்தை முடித்த உடன்பாடு 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத்தொகை என எழுதப்பட்டது. கூட்டினால் கச்சிதமாக 20. முடியாது என்று சொல்லப்பட்ட பணம் வேறு தலைப்பில் கிடைத்ததென்றால், ‘முடியாது’ என்பதன் கணக்கு பங்குதாரர்களுக்கு முன்பே திறந்து காட்டப்படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். தொழிலாளரோடு கலந்துபேசக் குழுக்கள் இருந்தன என்பார்கள்; சாலைக்கு வராமல் பேச முடியாதுபோனதே அவற்றின் வீச்சுக்கு அளவு. கூலி விஷயத்தில் நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அதை மாநில அளவில் அரசும் தோட்ட உரிமையாளர்களும் சங்கங்களும் பேசித் தீர்மானிக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. பங்கு கையில் இருந்தும், தன் கூலியைத் தீர்மானிக்கும் மேசையில் கொழுந்து பறிப்பவருக்கு நேரடி இடம் இல்லை.