கிளப்புக்கு ஒரு முறை, கள்ளுக்கடைக்கு ஒரு முறை



எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் இப்போது உல்லாசக் கப்பலில் வேலை செய்கிறான். கப்பலில் உள்ள 'பார்' என்னும் மதுக்கூடத்தில் பானங்களைக் கலந்து கொடுக்கும் வேலை. பல மாதங்கள் கடலில் இருந்துவிட்டு விடுமுறைக்கு வீடு திரும்பியவன், மறக்காமல் எங்களைப் பார்க்க வந்தான். ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தபடி அவன் சொன்ன கதைகளில் ஒன்று இது.

"மாலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை எங்கள் கப்பலில் 'ஹேப்பி ஹவர்' ஐயா. அந்த ஒரு மணி நேரம் ஒரு பானத்தின் விலைக்கு இரண்டு கொடுப்போம். கூட்டம் நெருக்கித் தள்ளும்."

எங்களில் மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். "நம் தோட்டத்தில் கள்ளுக்கடைக்கு ஆட்கள் நடையைக் கட்டிய நேரமும் அதுதானே, தம்பி!" என்றார்.

வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆனால் அவன் போன பிறகும் நாங்கள் அதையே பேசிக்கொண்டிருந்தோம். குடிப்பதற்கு ஒரு நேரம், ஓர் இடம், ஒரு முறை என்று வகுத்தவர் யார்? அந்த வகுப்பினால் யாருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நம் கிள்ளான் பகுதியின் பழைய கதைக்குள் சற்றே நடந்து பார்ப்போம்.

முதலில் கப்பலின் முறையைக் கேளுங்கள். அங்கே காசைக் கையில் எடுப்பதில்லை. பயணியின் அறை அட்டையைக் காட்டினால் போதும். கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும், பயணம் முடியும்போதுதான் மொத்தத் தொகை தெரியும். பரிமாறுபவருக்கான அன்பளிப்பையும் பல கப்பல்களில் கணக்கோடு சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவது மரியாதை அன்று. முன்னால் வந்தவரைத் தாண்டிக் கையை நீட்டுவது தவறு. நீச்சல் குளத்து ஈர உடையோடு உள்ளே வந்து உட்காரக் கூடாது. ஒருவர் அளவுக்கு மேல் போய்விட்டார் என்று கண்டால், பரிமாறுபவர் மெல்லிய குரலில், "போதும் ஐயா" என்று சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் சண்டைக்கு வராமல் எழுந்து போக வேண்டும். எல்லாம் நல்ல முறைகள்தாம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த 'ஹேப்பி ஹவர்' என்ற சொல்லுக்கு ஒரு விநோதமான பிறப்பு உண்டு. 1910களில் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் மாலுமிகளின் சலிப்பைப் போக்க வாரத்தில் சில வேளைகளில் குத்துச்சண்டை, மல்யுத்தம், பாட்டு, படக்காட்சி என்று நடத்தினார்கள். அந்தப் பொழுதுக்குத்தான் அப்பெயர். மதுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1914 ஜூலை முதல் நாளிலிருந்து அந்நாட்டுக் கடற்படைக் கப்பல்களில் மதுவே தடைசெய்யப்பட்டது. மது இல்லாத கப்பலில் வளர்ந்த சொல், பின்னால் கரையேறி மதுக்கடைக்காரரின் விளம்பரமாகி, இப்போது மீண்டும் கப்பல் ஏறியிருக்கிறது!

நம்மவர்கள் ஏறிவந்த கப்பல் வேறு. ரஜூலா என்ற பெயரைக் கேட்டறியாத தோட்டத்துப் பெரியவர் இருக்க முடியாது. 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் போய்வந்தது. (போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம்.) அந்தக் கப்பலில் இரண்டு உலகங்கள் இருந்தன. மேலே அறை எடுத்த சிலர். கீழே தளத்தில் பாயும் மூட்டையுமாக ஆயிரக்கணக்கானோர். அறைக்காரருக்கு உணவு மேசையும் பணியாளும் உண்டு. தளத்தில் வந்தவர்களுக்கு வரிசையில் நின்று வாங்கும் சோறும், மற்றவர் கால்மாட்டில் கிடைத்த இடமும். ஒரே கடல், ஒரே காற்று. ஆனால் ஏணியின் மேற்படியில் நின்றவர் யார், கீழ்ப்படியில் நின்றவர் யார் என்பது பயணச்சீட்டில் எழுதியிருந்தது.

அந்த ஏணி கப்பலோடு நிற்கவில்லை. கரையிலும் தொடர்ந்து வந்தது.

கோலாலம்பூருக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம், பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டு மெர்டேக்கா சதுக்கத்துக்கு வருவது எங்கள் வழக்கம். அங்கே திடலின் ஓரமாகக் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக ஒரு கட்டடம் நிற்கும். அதுதான் 1884-இல் தோன்றிய சிலாங்கூர் கிளப். அரசு அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் மாலை நேரத்தில் கூடிய இடம். வெள்ளைக்காரர் மட்டுமே இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மகாமாரியம்மன் கோயிலை எழுப்பிய தம்புசாமிப் பிள்ளை அதன் தொடக்கக் கால உறுப்பினர்களில் ஒருவர். நிறம் மட்டுமல்ல, பணமும் பதவியும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறந்தன. ஆனால் அங்குள்ள நீண்ட மதுக்கூடத்திற்குள் பெண்கள் நுழையக் கூடாது என்பது நெடுங்காலம் நிலைத்த விதி.

கிளப்பின் முறைகளைப் பாருங்கள். காசு கொடுப்பதில்லை, சீட்டில் கையெழுத்துப் போட்டால் மாதக் கடைசியில் கணக்கு வரும். இன்றைய கப்பல் அட்டைக்கு அதுவே பாட்டன். பானத்தின் பெயர்கள்கூட நம் காதுக்குப் பழகிய மலாய்ச் சொற்கள்தாம். விஸ்கியில் சோடா கலந்து குடிப்பதற்கு 'ஸ்தெங்கா' என்று பெயர். பாதி என்னும் பொருள்படும் 'செத்தெங்கா'தான் துரையின் நாக்கில் அப்படித் திரிந்தது. ஜின்னில் கசப்புச் சாறு சேர்த்தால் 'ஜின் பாஹிட்'. பாஹிட் என்றால் கசப்பு என்று நம் வீட்டுக் குழந்தையும் சொல்லும். பானத்தைக் கொண்டுவருபவருக்கு வயது ஐம்பதானாலும் அவரைக் கூப்பிடும் சொல் 'பாய்', அதாவது பையன். விரலைச் சொடுக்கக் கூடாது என்று இன்று எங்கள் மாணவனின் கப்பலில் விதி இருக்கிறதே, அது எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கசப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. துரைமார் ஜின்னோடு கலந்து குடித்த டானிக் தண்ணீரின் கசப்பு, கொய்னா மருந்தின் கசப்பு. 1901-இல் கிள்ளான் நகரமும் புதிதாகத் திறந்த துறைமுகமும் மலேரியாக் காய்ச்சலால் தத்தளித்தன. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வெட்டி வடித்து நோயைக் கட்டுப்படுத்தினார். அது உலகம் அறிந்த மருத்துவச் சாதனை. தோட்டங்களில் கொய்னாவைப் பெரட்டுக் களத்திலேயே கொடுத்தார்கள். வரிசையில் நின்று, முகத்தைச் சுளித்து விழுங்கினார்கள் நம் முன்னோர்கள். அதே மருந்து, பங்களாத் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் பனிக்கட்டி மிதக்க மாலைப் பானமாயிற்று.

இனி நம் கள்ளுக்கடைக்கு வருவோம்.

கள்ளுக்கு நேரம் வகுத்தது முதலில் மனிதன் அல்ல, தென்னை மரம். பாளையைக் கட்டிச் சீவிக் கலயத்தில் இறங்கும்போது அது இனிப்பான பதநீர்தான். சில மணி நேரத்தில் தானாகவே புளித்துக் கள்ளாகிறது. மறுநாள் பார்த்தால் காடி. வைத்திருந்து விற்க முடியாத சரக்கு. அன்றன்று இறக்கி அன்றன்றே குடிக்க வேண்டும். அதனால் மரம் வெட்டிப் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்பும் பொழுதும், கள் பதமாக இருக்கும் பொழுதும் சரியாகப் பொருந்திக்கொண்டன.

இந்தப் பொருத்தத்தை நிர்வாகங்கள் நன்றாகவே புரிந்துகொண்டன. உரிமம் பெற்று, தோட்டத்திற்குள்ளேயே கடை திறந்தார்கள். கடை இல்லையென்றால் ஆட்கள் சம்சுவைத் தேடிப் போவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுவது என்றும் ஓர் ஏற்பாடு இருந்தது; கோயில் திருவிழாவுக்கும் பந்து விளையாட்டுக்கும் அதிலிருந்து பணம் போகும். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் அம்மனுக்குச் சாத்திய பூமாலை, யாரோ ஒருத்தியின் அரிசிப் பானையிலிருந்து போன காசு என்பதை அந்தக் கணக்குப் புத்தகம் சொல்லாது. 1920களின் இறுதியில் சிலாங்கூர் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்த 1930களில் அதையும் வெட்டினார்கள். அந்தக் காசுகளில் சில, சம்பளம் கொடுத்த தோட்டத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் கடைப் பெட்டிக்குள் விழுந்தன.

சிறுவயதில் நாங்கள் பார்த்த கடையைச் சொல்கிறோம். தகரக் கூரை, கம்பி போட்ட சன்னல், வெளியே ஒரு வேப்பமரம். சன்னல் வழியாக மங்கு வரும். அங்கும் முறை உண்டு என்று சொன்னால் படித்தவர்கள் நம்புவதில்லை. மாமன் முறை உள்ளவர் உட்கார்ந்திருந்தால் இளையவன் மங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போவான். வாத்தியார் அந்த வழியாக வந்தால் கால்மேல் கால் போட்டிருப்பவர் இறக்கிவிடுவார். சம்பள நாளில் மட்டும் பெண்கள் சற்றுத் தள்ளிச் சாலை வளைவில் நிற்பார்கள். கூப்பிட மாட்டார்கள், கடைப் பக்கம் வரவும் மாட்டார்கள். பிள்ளையை அனுப்புவார்கள். "அப்பா, அம்மா வரச் சொன்னாங்க" என்று சொல்லி அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்து வந்த பிள்ளைகளில் நாங்களும் உண்டு. சில நாட்களில் அப்பா வருவார். சில நாட்களில் மங்கில் மிச்சம் இருந்ததை நாக்கில் தொட்டு வைத்து அனுப்பிவிடுவார்.

ஆகவேதான் 1941-ஆம் ஆண்டு கிள்ளானில் நடந்ததை நாங்கள் வகுப்பில் சொல்லும்போது சற்று நின்று சொல்கிறோம்.

அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தில் முன்னின்றவர் பத்திரிகையாளரான ஆர். எச். நாதன். தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள்: சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல், சங்கம் வைக்கும் உரிமை. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அதில் ஒன்று. இவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது!

இந்தக் கோரிக்கையைக் கேட்டவர்கள் வெளியூர்ச் சீர்திருத்தக்காரர்கள் மட்டுமே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் செய்தி இங்கும் வந்து சேர்ந்திருந்தது, அது உண்மை. ஆனால் சைக்கிளையும் கள்ளையும் ஒரே பட்டியலில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருக்கிறது. எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்று சொல்பவரும், எங்கே உட்கார்ந்து குடிக்கலாம் என்று சொல்பவரும் ஒருவரே என்று கண்டுகொண்டவர்கள் எழுதிய பட்டியல் அது.

மே மாதம் 5-ஆம் நாள் நாதன் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் மேலும் பரவிற்று. மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, இந்தியப் படைவீரர்களையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆறேழு மாதத்தில் ஜப்பானியர் வந்துவிட்டனர்.

போருக்குப் பின் 1947-இல் கெடாவில் ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை, பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்தது. அங்கும் காவல்துறையோடு மோதல் நேர்ந்தது. கடைகள் அதனால் மறைந்துவிடவில்லை. நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்திலும் அந்த வேப்பமரத்தடியில் ஆள் இருந்தது. கடை மூடிய இடங்களில் சம்சு புகுந்தது. 2018-இல் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் வெளிநாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். நம் பாட்டன்மார் வந்ததைப் போல.

மாணவனிடம் திரும்புவோம். அவனுடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது ரஜூலாவில் நாகப்பட்டினம் போய் வந்தவர். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையை இன்றும் சொல்வார். பேரன் வேலை பார்க்கும் கப்பலின் படத்தைக் கைபேசியில் காட்டியபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதானாம்.

"மேல்தட்டுக்கு நீ போகலாமாடா?"

"போகலாம் பாட்டி. சீருடை போட்டிருக்கிற நேரத்தில் போகலாம்."

"அந்தக் கடையில் நீ உட்காரலாமா?"

"அது கூடாது. எங்களுக்குக் கீழே தனியாக ஒன்று இருக்கிறது" என்றானாம் அவன்.

பாட்டி படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, கீழ்த்தட்டு எது என்று தேடினாராம்.