டூப் அறியாத மறுமொழி

1993 செப்டம்பர் 20 அன்று பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. அதன் உருவாக்கத்திற்குத் தலைமை வகித்தது திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். இரண்டாம் கட்டம் பிரிந்த வேளையில் கலம் நிலைதடுமாறியது, ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. கட்டளையின் மதிப்பு உச்ச வரம்பைத் தாண்டினாலன்றி அது தலைகாட்டாது. தரையில் நிகழ்ந்த சோதனைகளில் அது அகப்படவில்லை. 1994 அக்டோபர் 15 அன்று ஏவப்பட்ட அடுத்த பி.எஸ்.எல்.வி. வெற்றி கண்டது.

ஏவுகலத்தைத் தரையிலேயே பறக்கவிட்டுச் சோதிக்க இயலாது. ஆகவே சோதனைக்கூடத்தில் வானத்தின் இடத்தில் ஒரு கணினி அமர்ந்து, உணரிகள் தரவேண்டிய மதிப்புகளைத் தானே தருகிறது. அப்பதிலி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதே வினா.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 அவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. நிலைமக் கருவியில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட் எண்ணாக மாற்றுகையில் மதிப்பு அடங்காமல் கருவி செயலிழந்தது. செயலிழந்த கருவி அனுப்பியது பழுதறிக்கை; பறப்புக் கணினியோ அதனைப் பறப்புத் தரவு என்றே வாசித்துக் கலத்தைத் திருப்பியது. ஏறத்தாழ 40 நொடிகளில் எல்லாம் முடிந்தது. முழு அமைப்பின் சோதனைகளில் மெய்யான கருவி இணைக்கப்படவில்லை, அதன் மென்பொருள் பதிலியே பயன்பட்டது என்று விசாரணைக் குழு பதிவுசெய்தது.

கைபேசிச் செயலிகளின் தானியங்கிச் சோதனையிலும் இதே அமைப்பைக் காணலாம். செயலி கோரிக்கை அனுப்புகிறது. தொலைவிலுள்ள சர்வர் மறுமொழி தருகிறது. ஒவ்வொரு சோதனையிலும் மெய்யான சர்வரை நாடினால், இணைப்பு அறுந்தாலும் தரவு மாறினாலும் குற்றமற்ற செயலி தோற்றதாகக் காட்டப்படும். பொய் எச்சரிக்கைகள் பெருகினால் மெய் எச்சரிக்கையையும் எவரும் பொருட்படுத்தார். ஆகவே நிரலாளர் பதிலிகளை நாடினர். 2000இல் 'மாக்' என்னும் பெயர் ஓர் ஆய்வுரை வழியே பரவியது. 2007இல் ஜெரார்ட் மெசரோஸ் தம் நூலில், திரைப்படச் சண்டைக்காட்சிகளில் நடிகருக்கு மாற்றாக வருபவரை உவமையாக்கி, இவ்வகை அனைத்திற்கும் 'டெஸ்ட் டபுள்' எனப் பெயரிட்டார். தமிழ்த் திரையுலகம் 'டூப்' என வழங்கும் அதே கருத்து இது.

2010இல் ரூபி மொழியில் வெளிவந்த வி.சி.ஆர். என்னும் நிரலகம் மெய்யான மறுமொழியை ஒருமுறை பதிந்து, பின்னர் அதனையே மீண்டும் ஒலிக்கச் செய்தது. பதிவுக்கு அது இட்ட பெயரும் 'காசெட்'. சர்வர் மாறிய பின்னரும் காசெட் பழைய பாட்டையே பாடும் என்பது அதன் குறை.

2015இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய இடைமுகச் சோதனை முறையில் சோதனையும் செயலியும் தனித்தனியே இயங்குகின்றன. செயலியைத் திறக்குமுன் சோதனை நிரலே சர்வருக்குக் கோரிக்கை விடுத்து, தேவையான கணக்கை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் மறுமொழி வரும்வரை காலவரம்புடன் காத்திருக்க வேண்டும். காத்திராத சோதனை, இல்லாத கணக்கைத் தேடித் தோற்கும்.

டூப்பை விலக்கிவிடுவது தீர்வாகாது. அதற்குக் கற்பிக்கப்படும் மறுமொழிகளை விரிவாக்குவதே தேவை. காலந்தாழ்ந்த மறுமொழி, வெற்று மறுமொழி, தரவுக்குப் பதிலாக வந்த பழுதறிக்கை ஆகியவற்றையும் அது சொல்லப் பழக வேண்டும். குறித்த இடைவெளியில் மெய்யான சர்வரிடமும் சில கோரிக்கைகளை அனுப்பி, இரண்டின் மறுமொழிகளையும் ஒப்புநோக்க வேண்டும். அவ்வாறு ஒப்புநோக்காத சோதனையின் வெற்றி, அதை எழுதியவரின் கற்பனை எதுவரை சென்றது என்பதை மட்டுமே காட்டும்.