தொதல் வந்த வழி

யாழ்ப்பாணம் சோனகதெருவில் எங்கள் வீட்டு நோன்புப் பெருநாள், தொதல் கிண்டும் நாளிலேயே தொடங்கிவிடும். பெருநாளைக்கு இரண்டு நாள் முந்தியே முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய தாச்சியை ஏற்றுவார் உம்மம்மா. சிவப்புப் பச்சையரிசி மா, தேங்காய்ப்பால், சர்க்கரை, வறுத்த பயற்றம்பருப்பு, கஜு, ஏலம் - இவ்வளவுதான் கூட்டு. ஆனால் கைகள் பல வேண்டும். பால் வற்ற வற்ற மா இறுகும், அகப்பை நகராது. நிறுத்தினால் அடிப்பிடிக்கும். உம்மா களைத்தால் மாமி, மாமி களைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று மணி நேரம் அகப்பை கைமாறும். எண்ணெய் பிரிந்து, கையில் ஒட்டாத பதம் கண்டதும் தட்டில் கொட்டிப் பரப்புவார்கள்.

எங்கள் சொந்தப் பலகாரம் என்று நான் நினைத்திருந்த இதன் பெயர் தமிழன்று. 'டோடோல்' என்பது மலாய், ஜாவா மக்களிடையே வழங்கும் சொல். அங்கே ஒட்டும் தன்மையுள்ள அரிசியின் மாவையும் பனைவெல்லத்தையும் சேர்ப்பார்கள். ஒல்லாந்தக் கம்பனி படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் மலாய் மக்களை இலங்கைக்குக் கொண்டுவந்தது. அம்பாந்தோட்டையில் அது 'களுதொதல்' ஆயிற்று. வழி அது ஒன்று மட்டுமன்று. 1511 முதல் 1641 வரை மலாக்காவை ஆண்ட போர்த்துக்கேயரிடமே கோவாவும் இருந்தது. கோவாக் கிறிஸ்தவர்கள் இன்றும் நத்தாருக்குத் தொதல் கிண்டுகிறார்கள். அதே போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். மரைக்காயர்களின் கப்பல்களும் இதே கடலில்தான் ஓடின. கீழக்கரைத் தொதலுக்கு இன்றும் பெயர் உண்டு. வந்த பண்டம் இறங்கிய இடத்து அரிசியையும் வெல்லத்தையும் ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்து இந்து, கிறிஸ்தவ வீடுகளுக்கும் அது பொதுப் பலகாரமாயிற்று.

1990 அக்டோபர் 30. எனக்கு ஒன்பது வயது. இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தாச்சி அடுப்படியிலேயே கிடந்தது.

அடுத்த பெருநாளைக்குப் புத்தளத்து முகாமில் உம்மா சின்னச் சட்டியொன்றில் தொதல் கிண்டினார். நிவாரண அரிசியை இடித்து மாவாக்கினார். சர்க்கரை இல்லை, சீனியைக் கருக்கி நிறம் கொடுத்தார். கஜுவுக்குப் பதில் கச்சான். ஒரு துண்டை வாயில் போட்ட உம்மம்மா, "இது தொதலில்லப் புள்ள" என்றார்.

வரலாற்றைப் பார்த்தால் உம்மம்மா சொன்னது சரியாகாது. பயறு போட்ட அவருடைய தொதலை ஒரு ஜாவாக்காரி தின்றிருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் உம்மம்மா ஒன்றைக் கண்டுகொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைய சட்டியை உம்மா தனியாகவே கிண்டி முடித்திருந்தார்.

2009 இற்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சர்க்கரை, கஜு, பயறு எல்லாம் சந்தையில் கிடைக்கின்றன. கிண்ட ஆள் சேர்வதுதான் அரிது. பல பெருநாட்களில் பெட்டியில் அடைத்த தொதலே வீட்டுக்கு வருகிறது. புத்தளத்தில் பிறந்த என் மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "வாப்பா, இதுல ஏன் கச்சான் இல்ல?"