மலைப் படத்தில் தெரியாத ஆள்



கடலும் வயலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மலை என்றால் வயல் பக்கம் போகும்போது மேற்கே தூரத்தில் தெரிவதுதான். ஆனால் எமது பிள்ளைகளின் போனை வாங்கிப் பாருங்கள். கயிறில்லாமல் பாறையில் ஏறுகிறவர், சிறகு போன்ற உடுப்போடு மலை உச்சியிலிருந்து குதிக்கிறவர், பனிச் சரிவில் சறுக்குகிறவர் என்று ஒரே மலைதான். இப்படியான படங்களைத் தெரிவு செய்து ஒரு மாலையில் பாடசாலை மண்டபத்தில் திரையிட்டால் என்ன என்று ஆசிரியர்கள் சிலர் பேசிக்கொண்டோம். "இந்த விசர் வேலையெல்லாம் புள்ளைகளுக்கு எதுக்கு சேர்?" என்று ஒரு மாணவனின் வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்தப் படங்களின் வரலாற்றைத் தேடி வாசித்தோம்.

மலைப் படங்களுக்கென்றே திரைப்பட விழாக்கள் உண்டு. இத்தாலியின் ட்ரென்டோ நகரில் 1952 முதலும் கனடாவின் பான்ஃபில் 1976 முதலும் நடக்கின்றன. பான்ஃப் விழாப் படங்கள் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றுகின்றன. ஆனால் கதை அதற்கும் முந்தியது.

1924இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரித்தானியக் குழுவோடு ஜோன் நோயல் கெமராவுடன் போனார். அந்தப் பயணத்தைப் படமாக்கும் உரிமைக்கு அவர் 8,000 பவுண் கொடுத்திருந்தார். ஜூன் 8ஆம் திகதி மலோரியும் இர்வினும் உச்சிக்குப் போகும் வழியில் காணாமல் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் படம் திரையிடப்பட்டது. கூட்டம் சேர்க்க, திபெத்திலிருந்து ஏழு பிக்குகளைக் கூட்டிவந்து படத்துக்கு முன் மேடையில் ஆடவைத்தார்கள். அவர்களுடைய சமயச் சடங்கு, டிக்கட் வாங்கியவர்களுக்கு வேடிக்கையானது. படத்திலோ ஒருவர் குழந்தையின் தலையில் பேன் எடுத்து வாயில் போடும் காட்சி. லாசாவிலிருந்த ஆட்சியாளர்கள் கொதித்துப் போனார்கள். வேறு அரசியல் காரணங்களும் இருந்தன என்றாலும், அடுத்த குழுவுக்கு எவரெஸ்ட் வாசல் திறந்தது 1933இல்தான். எமது சமயத்தை யாராவது அப்படி மேடையேற்றினால் நாம் சும்மா இருப்போமா?

இனி 1954. உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2, 8,611 மீற்றர், பாகிஸ்தான்-சீன எல்லையில் இருக்கிறது. ஜூலை 31ஆம் திகதி கொம்பனோனி, லாச்செடெல்லி என்ற இரண்டு இத்தாலியர்கள் அதன் உச்சியில் முதன்முதலாக நின்றார்கள். கையிலிருந்த சிறு கெமராவால் அங்கே படமும் எடுத்தார்கள். மறு ஆண்டு 'இத்தாலியா கே2' என்ற பெயரில் படம் வெளிவந்தது. போர் தோற்ற ஒரு நாட்டுக்கு அந்த வெற்றி பெரிய ஆறுதல்.

அவர்களுடைய முதுகில் இருந்த ஒக்ஸிஜன் அங்கே எப்படி வந்தது? முதல் நாள் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் இருவர். ஒருவர் 24 வயது வால்டர் பொனாட்டி. மற்றவர் ஹூன்ஸாப் பள்ளத்தாக்கின் முஸ்லிம் சுமைகாரர் அமீர் மெஹ்தி. 1953இல் நங்கா பர்பத் உச்சியிலிருந்து கால் விறைத்து இறங்கிய ஹேர்மன் பூலை முதுகில் சுமந்தவர்களில் இவரும் ஒருவர். பலம் மட்டுமல்ல, பெயரும் பெற்ற ஆள்.

இருவரும் மேலே போனபோது கூடாரம் சொன்ன இடத்தில் இல்லை. கூப்பிட்டால் குரல் கேட்கிறது, ஆள் இல்லை, இருட்டிவிட்டது. ஏறத்தாழ 8,100 மீற்றர் உயரத்தில், கூடாரமோ படுக்கைப் பையோ இல்லாமல், பனியில் வெட்டிய ஒரு சிறு படியில் விடியும்வரை குந்தியிருந்தார்கள். அந்த இரவைப் படம்பிடிக்க எந்தக் கெமராவும் இல்லை. விடிந்ததும் ஒக்ஸிஜனை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினார்கள். மேலே இருந்த இருவரும் வந்து அதை எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போனார்கள். மெஹ்தி இரண்டு கால்களின் விரல்களையும் இழந்தார். அதன்பின் அவர் மலை ஏறவில்லை. 1999இல் மௌத்தானார்.

பொனாட்டியும் தப்பவில்லை. ஒரு பத்திரிகை 1964இல் அவர்மீதே பழியைப் போட, அவர் வழக்காடி வென்றார். கூடாரம் இடம் மாறியது தற்செயலாக அல்ல என்று லாச்செடெல்லியே 2004இல் எழுதினார். இத்தாலிய மலையேற்றச் சங்கம் பொனாட்டியின் சொல்லை முழுமையாக ஏற்றபோது அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அதைக் கேட்க மெஹ்தி உயிரோடு இல்லை.

இதோடு ஒப்பிட எமது தீவிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1344இல் இப்னு பதூதா பாவா ஆதம் மலை ஏறினார். கெமரா இல்லாத காலம், அவருடைய எழுத்துத்தான் படம். பாறையில் அடித்த இரும்பு முளைகளில் பத்துச் சங்கிலிகள் தொங்கியதாகவும், பத்தாவதற்குக் 'கலிமாச் சங்கிலி' என்று பெயர் என்றும் சொல்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவாராம். இன்றைய எந்த சாகச வீடியோவுக்கும் குறையாத காட்சி. ஆனால் எம்மை நிறுத்தியது வேறொரு வரி. ஆரியச் சக்கரவர்த்தி தன்னோடு அனுப்பியவர்களை அவர் எண்ணிச் சொல்கிறார்: பல்லக்குத் தூக்கும் அடிமைகள், நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரசனின் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். பெயர்கள் இல்லை, உண்மைதான். இருந்தாலும் சுமந்தவர்களைக் கணக்கில் சேர்த்திருக்கிறார். கரைவலை இழுக்கும் ஊரில் பிறந்த எமக்கு அந்தக் கணக்கின் பெறுமதி தெரியும்.

2021 ஜனவரி 16ஆம் திகதி, குளிர்காலத்தில் எவரும் ஏறியிராத கே2 உச்சியை பத்து நேபாளியர்கள் தொட்டார்கள். பெரும்பாலோர் மற்றவர்களுக்காகச் சுமந்த பரம்பரையில் வந்தவர்கள். முன்னே போனவர் பின்னே வருபவருக்காகக் காத்திருந்து, தேசிய கீதம் பாடியபடி எல்லோரும் ஒன்றாகவே கடைசி அடிகளை வைத்தார்கள். இந்த முறை கெமராவும் அவர்களுடைய கையில்தான் இருந்தது.

ஆகவே அந்த வாப்பாவுக்கு எமது பதில்: படங்களைக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ். ஆனால் கே2 படத்தைப் போடுமுன் மெஹ்தியின் இரவைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்போம். உங்கள் வீட்டு மூத்தவர்கள் யாராவது அந்தக் காலத்தில் பாவா ஆதம் மலை ஏறியிருந்தால், எந்த ஆண்டு, யாரோடு, எந்த வழியாகப் போனார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அதையும் அந்த மாலையில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.