மேசைக்கு வந்த முகம்: பிக்சர்ஃபோனின் வரலாறு

தொலைபேசியில் பேசுபவரின் முகத்தையும் பார்க்கும் முயற்சியைப் பொதுமக்கள் 1927-இல் அறியத் தொடங்கினர். அவ்வாண்டு ஏப்ரல் 7 அன்று வாஷிங்டனில் பேசிய அமெரிக்க வணிகத்துறைச் செயலர் ஹெர்பர்ட் ஹூவரின் உருவத்தை, நியூயார்க்கில் இருந்தவர்கள் தொலைபேசிக் கம்பி வழியே கண்டனர். பெல் ஆய்வகம் நடத்திய அந்தச் சோதனையில் படம் ஒரு திசையில் மட்டுமே சென்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் அமைப்பை அதே ஆய்வகம் 1930-இல் காட்டியது. ஜெர்மன் அஞ்சல் துறை 1936-இல் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே பொதுச் சேவையைத் தொடங்கியது. அழைப்பவர் அஞ்சலகக் கூண்டுக்குப் போய்த்தான் பேச வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அது நின்றுபோனது.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிக்சர்ஃபோன் என்ற படத்தொலைபேசியை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் கட்டணக் கூண்டுகள் திறக்கப்பட்டன. மூன்று நிமிடப் பேச்சுக்குத் தூரத்தைப் பொறுத்து 16 முதல் 27 டாலர் வரை ஆனது. அந்தக் காலத்தில் இது பெருந்தொகை. கூண்டுகளுக்கு வந்தவர்கள் மிகச் சிலரே.

அலுவலக மேசைக்கான இரண்டாவது மாதிரி 1970 ஜூன் 30 அன்று பிட்ஸ்பர்க்கில் சேவைக்கு வந்தது. நகர மேயர் பீட்டர் ஃபிளாஹெர்ட்டி முதல் அழைப்பைச் செய்தார். திரைக்கு மேலேயே கேமரா இருந்ததால், எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி பேசுகையில் பார்வை அதிகம் விலகவில்லை. அறையின் வெளிச்சத்துக்கேற்பக் கேமரா தானே சரிசெய்துகொண்டது. தன் உருவம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ள ஒரு பொத்தானும், மேசைமேல் வைத்த தாளைக் காட்ட ஒரு கண்ணாடியும் இருந்தன. நல்ல காணொளி அழைப்புக்குத் தேவையானவை பலவற்றை வடிவமைப்பாளர்கள் அப்போதே எண்ணிப்பார்த்திருந்தனர்.

ஆனால் கம்பிக்கு அந்தச் சுமை அதிகம். படத்துக்குப் போகவர இரண்டு இணை, குரலுக்கு ஓர் இணை என ஒவ்வொரு கருவிக்கும் மூன்று இணைக் கம்பிகள் தேவைப்பட்டன. மாத வாடகை 160 டாலர். எதிர்முனையிலும் அதே கருவி இருந்தால்தான் பயன் என்பதால், வாடகைக்கு எடுத்தவர்களுக்கும் அழைக்க ஆளில்லை. சில நூறு கருவிகளைத் தாண்டாமலேயே 1970-களில் சேவை தேய்ந்து மறைந்தது.

கம்பியின் சுமை என்ற முடிச்சை அவிழ்த்தது படத்தைச் சுருக்கும் கணிதம். முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பினால் போதும் என்ற கருத்தை ஒட்டி, 1990-இல் எச்.261 என்ற சர்வதேசத் தரம் வந்தது. ஏடி அண்ட் டி 1992-இல் சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே இயங்கும் வீடியோஃபோன் 2500-ஐ விற்றது. விலை சுமார் 1,500 டாலர். படமோ சிறியது, அசைவும் விட்டுவிட்டுத் தெரிந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

குரலும் படமும் கணினி வலையமைப்பிலேயே ஒன்றாகச் செல்லத் தொடங்கிய பிறகு, 2000-களில் திரையும் கேமராவும் கொண்ட ஐபி தொலைபேசிகள் அலுவலக மேசைகளுக்கு வந்தன. தனிக் கம்பி தேவையில்லை; பொதுத் தரங்களைப் பின்பற்றுவதால் வெவ்வேறு நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று பேச முடிகிறது. பிக்சர்ஃபோனின் வடிவமைப்பில் பெரிய பிழை இல்லை. அதைத் தாங்கும் வலையமைப்பும், எதிர்முனையில் பேச ஆட்களும் உருவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன.